மணலில் எழுதிய விரல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய அம்மையார் தம் பணிக்காலம் முழுவதும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாகவே இருந்தவர். பதவி உயர்வு வந்தபோதும் அந்த வகுப்பை விட்டுப் போக மனமில்லாமல் மறுத்துவிட்டார் என்று அவருடைய மகள் சற்றுமுன் சொன்னார். எத்தனை நூறு பிள்ளைகளின் சுட்டுவிரலைப் பிடித்து 'அ' போட வைத்திருப்பார்! ஓய்வூதியத்தில் மிச்சம்பிடித்த பணத்தை, எழுத்துக் கலையைப் பற்றி ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் நினைவில் பேசும்போது எழுதக் கற்பதைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என்று தோன்றியது. அதிலும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நிறைய எழுதுவது. நன்றாக வருமா வராதா என்று பார்க்காமல், நிறைய எழுதுவது.

கல்லூரிகளில் நடக்கும் சிறுகதைப் போட்டிகளுக்கு நடுவராகப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். ஒரு மாணவர் மூன்று ஆண்டும் ஒரே கதையைக் கொடுத்தார். ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் செதுக்கியிருந்தார். மூன்றாம் முறை அவரை அழைத்து, "வேற கதை ஒண்ணும் எழுதலையா தம்பி?" என்று கேட்டேன். "இது இன்னும் சரியா வரலைங்க ஐயா. இதை முடிச்சிட்டுத்தான் அடுத்தது" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை, உழைப்புக்கும் குறைவில்லை. முதல் பத்தியில் ஒரு சொல்லைக்கூட அசைக்க முடியாதபடி இழைத்திருந்தார். ஆனால் முதல் ஆண்டு அந்தக் கதையில் ஒரு பாட்டி இருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே, கதைக்குச் சம்பந்தமில்லாமல், பக்கத்து வீட்டு ஆட்டைப் பற்றிப் பேசுவாள். கதையில் உயிரோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். மூன்றாம் ஆண்டு பிரதியில் அவளைக் காணவில்லை. கதைக்கு அவள் தேவையில்லை என்று நீக்கிவிட்டாராம்.

அந்த மூன்று ஆண்டில் அவர் முப்பது கதை எழுதியிருந்தால் இருபத்தைந்து கதைகள் தேறாமல் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டியை நீக்கக் கூடாது என்பதை அவர் கை அறிந்திருக்கும். அந்த அறிவை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. நான் சொன்னேன், அவருக்கு விளங்கவில்லை.

இந்தத் தயக்கம் அவரோடு பிறந்ததன்று. நாம் ஊட்டியது. பள்ளியில் பிள்ளைகளிடம் நாம் அதிகம் சொல்லும் சொற்றொடர் எது? 'அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது.' விடைத்தாளுக்கு அது சரி. கட்டுரை நோட்டுக்கும் அதையே சொல்கிறோம், ஓவிய நோட்டுக்கும் அதையே சொல்கிறோம். பிள்ளை எழுதும் ஒவ்வொரு தாளும் யாரோ ஒருவர் பார்த்து மதிப்பெண் போடும் தாளாகவே இருந்தால், அந்தப் பிள்ளை எங்கே தவறு செய்து பழகும்?

நம் முன்னோருக்கு அந்த இடம் இருந்தது. அதன் பெயர் மணல்.

திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் ஓலையைத் தொடுவதில்லை. தரையில் மணலைப் பரப்பி, சுட்டுவிரலால் எழுத வேண்டும். எழுதியதைக் கையால் தடவினால் மணல் மறுபடி வெறும் மணலாகிவிடும். அடுத்த 'அ'வை அங்கேயே எழுதலாம். ஓலை அப்படிப்பட்டதன்று. எழுத்தாணியால் கீறிய கோட்டை எளிதில் இல்லாமல் ஆக்க முடியாது. அழுத்தினால் ஓலை கிழியும். அதனால் அழிக்கக் கூடிய பரப்பில் ஆயிரம் முறை எழுதிய விரலுக்குத்தான் அழியாத பரப்பைக் கொடுத்தார்கள். செலவில்லாத ஏற்பாடு என்பதற்காக மட்டும் இதை நான் போற்றவில்லை. மணலில் எழுதும் பிள்ளைக்குத் தன் தப்பெழுத்து யார் கண்ணிலும் நிற்காது என்ற துணிச்சல் இருந்தது. அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இந்த மணல் கடல் தாண்டிப் போன கதையும் உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றிருந்தார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையோடு இதையும் சேர்த்து, 1797-இல் லண்டனில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றது. அங்கே ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் மணல் பரப்பிய பலகைகள் வந்தன. நம் தெருவிலிருந்து போன மணல் அது. அங்கே போனபிறகு இங்கே அதன் இடத்துக்குச் சிலேட்டு வந்தது, பிறகு சிலேட்டும் போனது. சிலேட்டுக்கும் மணலின் குணம் இருந்தது. எச்சில் தொட்டு அழித்த தலைமுறையினர் இந்த அவையில் இன்னும் சிலர் இருக்கிறீர்கள்.

மணல் போனாலும் வாசல் போகவில்லை. நம் பெண்கள் கோலத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

கோலம் போடும் கையை அருகில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? மாவு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு விரலும் அழுத்தினால் மாவு இறங்காது, தளர்த்தினால் கொட்டிவிடும். கை நகரும் வேகத்துக்கு ஏற்ப விரல் தளர வேண்டும். வளைவு வரும்போது கை மெதுவாகும், அப்போது விரல் சற்று இறுக வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் இழை தடித்துப் போகும். முதன்முதலில் போடும் சிறுமியின் கோலத்தில் இதைப் பார்க்கலாம்: நேர்கோடெல்லாம் மெலிந்து, வளைவெல்லாம் புழுப்போலத் தடித்திருக்கும். யாரும் அவளைக் கூப்பிட்டு, 'விரலை இந்த அளவுக்கு இறுக்கு' என்று சொல்வதில்லை. சொன்னாலும் பயனில்லை. மறுநாள் விடியற்காலை வாசல் தெளித்தால் நேற்றைய கோலம் போய்விடுகிறது. அவள் மறுபடி போடுகிறாள். பத்து வயதில் தொடங்கி இருபது வயதுவரை ஒரு பெண் நாளுக்கு ஒன்று போட்டால் 3,650 கோலங்கள். அவற்றில் ஒன்றுகூட மிச்சமில்லை. மிச்சமிருப்பது கை மட்டும்.

அந்தக் கைக்குப் பிறகு நோட்டுப் பார்த்துப் போட வேண்டிய அவசியமில்லை. பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி எட்டு வரை என்று வைத்துவிட்டு, கம்பியை எங்கே திருப்பினால் புதிய வடிவம் வரும் என்று அது தானே தேடும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனியும் ராணி சிரோமனியும் கமலா கிருத்திவாசனும் கோலத்தின் அமைப்பைக் கணித இலக்கணமாக வகுத்து 1974-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். சிறிய உறுப்புகள் சில விதிகளின்படி பெருகி எப்படிப் பெரிய வடிவமாகின்றன என்பதை அதில் காணலாம். கணிப்பொறி அறிவியலில் இன்றும் பேசப்படும் கட்டுரை அது. அதற்குப் பொருள் தந்தவர்கள், நாள்தோறும் போட்டு நாள்தோறும் அழியவிட்ட பெண்கள்.

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஓவியமும் தமிழும் கல்வியும் பழக்கத்தால் வருவன என்கிறது. கொடையும் நட்பும் இரக்கமும் பிறவியில் வருவன என்கிறது. நாம் இன்று இதைத் தலைகீழாக ஆக்கிவிட்டோம். இரக்கத்தைப் பயிற்சியால் கொண்டுவரலாம் என்று முகாம் நடத்துகிறோம், கவிதையைப் பிறவிக் கொடை என்கிறோம். பாடலின் முதற்பாதியை மனப்பாடம் செய்த அளவுக்கு நாம் நம்பவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு வாய்த்த தமிழாசிரியர் யாப்புச் சொல்லித் தருவார். தேர்வுக்கு அலகிட்டு வாய்பாடு சொன்னால் போதும். அவர் அதோடு விடமாட்டார். ஒரு மாதம் ஒரே ஈற்றடியைக் கொடுத்தார். நாளுக்கு ஒரு வெண்பா. ஈற்றடி இது:

மழைநின்ற பின்னும் மரம்

முதல் வெண்பாவில் மழையைப் புகழ்ந்தேன். இரண்டாவதில் மரத்தைப் புகழ்ந்தேன். மூன்றாவதில் மழையும் மரமும் அண்ணன் தம்பி என்றேன். தளை தட்டாமல் இருக்க வேண்டும் என்பதிலேயே கவனமெல்லாம் போயிற்று. மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும், காய்ச்சீருக்குப் பின் நேர் வர வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே எழுதினேன். சீர் நிரம்பாத இடத்திலெல்லாம் 'தான்', 'நன்றாய்', 'என்றும்', 'அம்மா' என்று கைக்கு வந்ததைத் திணித்தேன். ஆசிரியர் ஒன்றும் திட்டவில்லை. சிவப்பு மையும் போடவில்லை. பென்சிலால் இந்தச் சொற்களைச் சுற்றி வட்டம் மட்டும் போட்டார். "நாளைக்கும் கொண்டா" என்பார். அவ்வளவுதான்.

பத்து நாளில் எண்ணுவது நின்றுவிட்டது. காது எண்ணத் தொடங்கியது. தப்பான சீர் வந்தால், கால் படியில் தவறுவதுபோல, எழுதுவதற்கு முன்பே தெரிந்தது. ஆனால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. மழையைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த அத்தனையும் தீர்ந்துபோயிற்று. அந்த நிலை நல்லதென்று அப்போது எனக்குத் தெரியாது. கையிருப்பு தீர்ந்த பிறகுதான் நான் முதன்முதலாக வெளியே பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம். மழை விட்டு ஒரு நாழிகை ஆகியும் அதன் அடியில் நிறுத்தியிருந்த சைக்கிள் இருக்கையில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. ஈற்றடியின் பொருள் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கடைசி இரண்டு அடியை இப்படி எழுதினேன்:

தழைவழியே இன்னும் தயங்கித்தான் சொட்டும்
மழைநின்ற பின்னும் மரம்

ஆசிரியர் படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 'தான்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, "இது எதுக்குப்பா இங்க?" என்றார். தளைக்காகப் போட்டேன் என்றேன். "தளைக்கு வேற சொல்லே இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை முழுவதும் தேடினேன். 'தயங்கித்தான்' என்ற இடத்தில் 'தனித்தனியாய்' என்ற சொல் வந்து உட்கார்ந்தது.

தழைவழியே இன்னும் தனித்தனியாய்ச் சொட்டும்
மழைநின்ற பின்னும் மரம்

மோனையும் நின்றது, தளையும் நின்றது, நான் பார்த்த துளிகளும் வந்துவிட்டன. பெரிய கவிதை என்று நான் இதைச் சொல்லவில்லை. ஒரு பதினான்கு வயதுப் பையன் முதன்முதலாகக் கண்ணால் கண்டதை எழுதினான் என்பதே செய்தி. அது பத்தொன்பதாவது வெண்பா. முதல் வெண்பாவையே ஒரு மாதம் திருத்திக்கொண்டிருந்தால், மழையைப் புகழ்ந்த அந்த வெண்பா கூடுதலாக மெருகேறியிருக்கும்; நான் வேப்பமரத்தைப் பார்த்திருக்க மாட்டேன்.

பயிற்சியில் எண்ணிக்கை செய்யும் வேலை இதுதான் என்று நான் நம்புகிறேன். அது முதலில் இலக்கணத்தைத் தலையிலிருந்து காதுக்கு இறக்குகிறது. அடுத்து, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சரக்கை, ஊரார் சொல்லிவைத்ததையும் நாம் படித்துவைத்ததையும், தீர்த்துக் காலி செய்கிறது. காலியான பாத்திரத்தில்தான் புதிது விழும்.

தமிழில் இந்தப் பயிற்சிக்குப் பெரிய சான்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815-இல் பிறந்து 1876-இல் மறைந்தவர். இளமையில் கற்பதற்கு அவர் பட்ட பாடு பெரிது. தண்டியலங்காரம் அறிந்த ஒரு பரதேசி திருச்சிராப்பள்ளித் தெருக்களில் பிச்சையெடுத்து வருகிறார் என்று தெரிந்து, அவர் பின்னாலேயே அலைந்து, அவருக்கு வேண்டியதைச் செய்து அந்த நூலைக் கற்றுக்கொண்டார் என்று உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் பிள்ளையவர்கள் பாடியவை இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள், பத்துப் பிள்ளைத்தமிழ்கள், இன்னும் அந்தாதிகள், மாலைகள், கோவைகள். அவர் வாயால் பாடிக்கொண்டே போவார். உடன் இருக்கும் மாணவர் ஏட்டில் எழுதுவார். மனப்பாடமான பாட்டை ஒப்பிப்பதுபோலப் புதுப்பாட்டு வந்துகொண்டிருக்குமாம். அப்படி எழுதிய கைகளில் ஒன்று உ.வே.சா.வுடையது.

பிள்ளையவர்களின் தலபுராணங்களில் பெரும்பாலானவற்றை இன்று யார் படிக்கிறார்கள்? அந்தந்த ஊர்க்காரர்கள்கூடப் படிப்பதில்லை. இதைக் காட்டி, அவ்வளவும் வீண் உழைப்பு என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. அவருடைய சேக்கிழார் பிள்ளைத்தமிழைத் தமிழறிந்தவர்கள் இன்றும் விரும்பிப் படிக்கிறார்கள். அந்தச் சொல்லோட்டம், படிப்பாரற்றுப் போன ஆயிரக்கணக்கான விருத்தங்களில் ஓடிப் பழகிய ஓட்டம். இன்னொன்றையும் பாருங்கள். 1871-இல் அவரிடம் சேர்ந்த பதினாறு வயதுச் சாமிநாதன் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் ஒன்றன்பின் ஒன்றாக, பசித்தவன் உண்பதுபோலப் பாடம் கேட்டான். ஒன்றை முழுதாக ஆராய்ந்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் படிப்பு அன்று அது. வெள்ளம்போல வந்தது. பிற்பாடு 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, சிதைந்த ஏட்டில் ஒரு சீர் குறைந்தால் அதை உணர்ந்த காது அந்த வெள்ளத்தில் வளர்ந்தது. ஆசிரியரின் எண்ணிக்கை மாணவரிடம் நுட்பமாக விளைந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

உரைநடைக்கு வருவோம். புதுமைப்பித்தன் ஏறத்தாழ நூறு கதைகள் எழுதியவர். நாற்பத்திரண்டு ஆண்டு வாழ்க்கையில், பத்திரிகை வேலை, மொழிபெயர்ப்பு, கட்டுரை எல்லாவற்றுக்கும் நடுவில். 1930-களின் நடுவில் அவர் கதைகள் பத்திரிகைகளில் சரம்சரமாக வந்தன. அவற்றில் 'பொன்னகரம்' போன்ற கூர்மையான கதை தொடக்கத்திலேயே, 1934-இல், வந்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் நம் நினைவில் எழும் 'செல்லம்மாள்', 'சாபவிமோசனம்', 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' ஆகிய மூன்றும் 1943 என்ற ஒரே ஆண்டில் 'கலைமக'ளில் வந்தவை. அதற்கு முன் ஏறத்தாழ பத்து ஆண்டு எழுத்து இருக்கிறது. அந்தப் பத்து ஆண்டில் வந்த கதைகளில் ஆய்வாளர் தவிர வேறு யாரும் இன்று திரும்பிப் பார்க்காதவை கணிசம். அவை எழுதப்படாமல் 1943 வந்திருக்கும் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

டீன் கீத் சைமன்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் இசையமைப்பாளர்கள், அறிஞர்கள் முதலிய பலரின் வாழ்நாள் படைப்புகளைக் கணக்கெடுத்துப் பார்த்து இதையொட்டிய ஒரு முடிவுக்கு வந்தார். ஒருவர் மிகுதியாகப் படைத்த காலத்தில்தான் அவருடைய மிகச் சிறந்த படைப்புகளும் பெரும்பாலும் வருகின்றன; அதே காலத்தில்தான் அவருடைய தோல்விகளும் மிகுதி. எது நிற்கும், எது விழும் என்று படைப்பவருக்கே முன்கூட்டித் தெரிவதில்லை.

இந்த இடத்தில் மௌனியின் பெயரைச் சொல்லி யாராவது எழுந்திருப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். நியாயமான கேள்விதான். மௌனி எழுதியவை மொத்தம் இருபத்து நான்கு கதைகள். அவற்றில் சில தமிழ்ச் சிறுகதையின் உச்சங்கள். எண்ணிக்கை இல்லாமலும் உச்சம் தொடலாம் என்பதற்கு அவர் சான்று. அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. ஆனால் மௌனி அபூர்வமானவர். ஐம்பது ஆண்டில் ஒருவர் அப்படி வரலாம். எழுதத் தொடங்கும் பதினெட்டு வயதில் மௌனியை முன்னுதாரணமாக வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒன்றுதான் எழுதுவேன் என்று இருந்தவர்கள் பலரை நான் அறிவேன். அவர்கள் மௌனியாகவில்லை. எழுதுவதையே விட்டுவிட்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கை இதைவிட முக்கியம். வெறும் எண்ணிக்கை போதுமா? போதாது. 1993-இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் தனியே பயிற்சி செய்திருந்தார்கள். இதைப் பத்திரிகைகள், பத்தாயிரம் மணி நேரம் செய்தால் யாரும் எதிலும் வல்லவராகலாம் என்று சுருக்கிப் பரப்பின. எரிக்சனே அதை மறுத்தார். குறை எங்கே இருக்கிறது என்று கண்டு, அந்த இடத்தையே குறிவைத்துச் செய்யும் பயிற்சிதான் அவர் சொன்னது.

நம் இசைக் குடும்பங்களுக்கு இது புதிதன்று. ஸரளி வரிசையும் ஜண்டை வரிசையும் அலங்காரமும் மாயாமாளவகௌளையில் மூன்று காலத்திலும் சொல்லச் சொல்வார்கள். ஆயிரம் முறை சொல்ல வேண்டும். ஆனால் குரு பக்கத்தில் உட்கார்ந்து, ரிஷபம் சற்றுக் கீழே இறங்கினால் கையைத் தட்டி நிறுத்துவார். நாகஸ்வரக்காரர்கள் 'அசுர சாதகம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதில் எண்ணிக்கையும் உண்டு, காதும் உண்டு. அதே தப்பை ஆயிரம் முறை வாசித்தால் தப்புத்தான் கைக்குள் போகும். என் ஆசிரியர் போட்ட பென்சில் வட்டம் இல்லாமல் நான் முப்பது வெண்பா எழுதியிருந்தால் முப்பதிலும் 'தான்' இருந்திருக்கும்.

ஆனால் அவர் வட்டம் போட்ட விதத்தையும் பாருங்கள். மதிப்பெண் இல்லை. 'மோசம்' இல்லை. திருத்திய பாட்டையே மறுபடி எழுதிக் கொண்டு வா என்றும் இல்லை. நாளைக்கு வேறொன்று. குறை சுட்டப்பட வேண்டும். அதற்கு மறுநாளே இன்னொரு வாய்ப்பும் வேண்டும். திருத்தம் முழுவதும் பழைய தாளிலேயே நடந்தால் அந்தத் தாள் மட்டும் திருந்தும். அடுத்த தாளில் நடந்தால் ஆள் திருந்துகிறான்.

ஓவியர் ஆதிமூலத்தை நினைத்துக்கொள்கிறேன். காந்தி நூற்றாண்டான 1969-இல் அவர் காந்தியை மட்டும் ஏறத்தாழ நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். அதே முகம், அதே கண்ணாடி, அதே வழுக்கைத் தலை. இந்த முகத்தை இந்தியாவில் வரையாதவர் இல்லை. ரூபாய் நோட்டுக்கும் அஞ்சல்தலைக்கும் பழகிப்போன முகம். நூறு முறை வரைந்தவருக்கு எங்கோ ஓரிடத்தில் அஞ்சல்தலை காந்தி தீர்ந்துபோய், அவருக்கே உரிய காந்தி கிடைத்திருக்க வேண்டும். அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது, தடித்தும் சிதறியும் ஓடும் கோட்டுக்குள் ஒரு கிழவர் நடந்து போவதைப் பார்க்கிறேன். ஒரே ஒரு படத்தை ஓராண்டு வரைந்திருந்தால் அந்தக் கோடு வந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு இருக்கட்டும். ரஃப் நோட்டு என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்களே, அதேபோல ஒன்று. அதற்கு அட்டை போடச் சொல்லாதீர்கள். அதில் மதிப்பெண் போடாதீர்கள். ஆய்வாளர் வரும்போது அடுக்கி வைக்க வேண்டிய நோட்டுகளில் அது சேர வேண்டாம். நாளுக்கு அரைப் பக்கம் அதில் எதையாவது எழுதட்டும், வரையட்டும், அடிக்கட்டும். வாரத்தில் ஒருநாள் வாங்கிப் பார்த்து, ஓர் இடத்தில் மட்டும் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுங்கள். காகித விலைக்கு இது சிறு செலவுதான். ஒரு பள்ளியில் நான் இதைச் சொன்னபோது, தாளை வீணடிக்கப் பழக்குகிறீர்கள் என்றார்கள். கோலமாவை வீணடிப்பதாக எந்தத் தாயும் தன் மகளைச் சொன்னதில்லை.

மாணவர்களே, உங்களிடம் அறிவுரையோடு விடைபெற எனக்கு விருப்பமில்லை. என் ஆசிரியர் எனக்குக் கொடுத்ததை உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். முப்பது நாளைக்கு ஒரே ஈற்றடி. வெண்பா வராதவர்கள் இதையே கடைசி வரியாக வைத்து நாளுக்கு ஒரு பத்து வரிக் கதை எழுதுங்கள். வரையத் தெரிந்தவர்கள் முப்பது முறை வரையுங்கள். ஒன்றை எழுதி முடித்தால் அதைத் திருப்பிப் பார்க்காமல் மறுநாள் அடுத்ததைத் தொடங்குங்கள். முப்பதும் முடிந்ததும் உங்கள் தமிழ்த்துறையில் கொடுங்கள். எனக்கு அனுப்பிவைப்பார்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன். பென்சில் என்னிடம் இருக்கிறது.

ஈற்றடி இது. எழுதிக்கொள்ளுங்கள்:

தெருக்குழாய் முன்னே குடம்

நாளைக்குக் காலையிலேயே முதல் வெண்பாவைத் தொடங்கிவிடுங்கள்.